நெமேயா ஒயினும் மைசீனி கோட்டையும் ஒரே நாளில்: கேள்வி பதில்

ஏதென்ஸிலிருந்து காலையில் கிளம்பி, கொஞ்சம் பழைய கிரேக்கம், கொஞ்சம் ஒயின் என்று பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கார்த்திக்: ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் போவது? சாண்டோரினி சரிப்படுமா?

சாண்டோரினியின் அசிர்டிகோ வெள்ளை ஒயின் அருமையானது. ஆனால் அது தீவு; போய் வரவே நாள் போய்விடும். ஒரே நாள் என்றால் என் ஓட்டு நெமேயாவுக்குத்தான். கிரீஸின் தெற்கே பெலோபொனீஸ் தீபகற்பத்தில், காரில் ஒன்றரை மணி நேரம். பழைய கோவிலைச் சுற்றியே திராட்சைத் தோட்டங்கள் இருப்பதால் ஒயினுக்கு ஒரு பக்கம், வரலாற்றுக்கு ஒரு பக்கம் என்று அலைய வேண்டாம். பழைய கோட்டை நகரமான மைசீனி அங்கிருந்து சுமார் இருபது நிமிடம். போகிற வழியிலேயே கொரிந்து கால்வாய் வரும். 1893-இல் திறந்தது, 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

சுதா: எந்த வரிசையில் பார்ப்பது? கொரிந்து, எபிடாரஸ், நாப்ளியோ எல்லாம் சேர்க்கலாமா?

வேண்டாம்மா. இரண்டு பழைய இடம், ஒரே ஒரு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் இடம்). அதற்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது. கோடையில் எட்டு மணிக்கே மைசீனியைத் திறந்துவிடுவார்கள். முதலில் அங்கே போங்கள். மொட்டை மேடு, பத்தரைக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். பதினொன்றரை வாக்கில் நெமேயா, அப்புறம் சாப்பாடு, மூன்று மணிக்கு ஒயினரி. குளிர்காலத்தில் பல இடங்களை மூன்றரைக்கே பூட்டிவிடுவதால், அப்போதும் ஒயின்தான் கடைசி. ஒயினரிக்கு முன்பதிவு அவசியம். ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் ஆள் இருக்க மாட்டார்கள்.

விக்னேஷ்: மைசீனியில் வெறும் கல்தானே? தங்க முகமூடி அங்கே இருக்கிறதா?

மைசீனிக் கல்லறையில் கிடைத்த அந்த முகமூடி ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மன் அகழ்வாளர் ஷ்லீமான் 1876-இல் தோண்டி எடுத்தது. முந்தின நாளே அதைப் பார்த்துவிட்டுப் போனால், அந்தத் தங்கம் கிடைத்த, வட்டச் சுவருக்குள் இருக்கும் கல்லறைக் குழிகள் முன்னால் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

கல் என்று தள்ளிவிடாதீர்கள். சிங்க வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அதே சாலையில் கொஞ்சம் கீழே இருக்கும் 'அத்ரேயுஸ் கருவூலம்' பலருக்குத் தவறிப்போகிறது. பெயர்தான் கருவூலம், உண்மையில் கல்லறை. தேன்கூடு மாதிரிக் குவிந்த கூரை, 13 மீட்டர் உயரம், சுண்ணாம்புக் காரை இல்லாமல் அடுக்கியது. வாசலுக்கு மேலே உள்ள ஒரே கல் மட்டும் சுமார் 120 டன். கிமு 13-ஆம் நூற்றாண்டில் எப்படி ஏற்றினார்களோ! உள்ளே நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள்.

ஆனந்தி: நெமேயாவில் அப்படி என்ன இருக்கிறது? ஒலிம்பியா போகாமல் இங்கே போவது வீண் இல்லையா?

எனக்குப் பிடித்த கேள்வி. ஒலிம்பியா, டெல்பி, இஸ்த்மியா, நெமேயா: பழைய கிரேக்கர்கள் எல்லோரும் கூடிய நான்கு பெரிய போட்டிகள் இந்த நான்கு ஊர்களில்தான் நடந்தன. நெமேயா போட்டி கிமு 573 முதல், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. ஜெயித்தவருக்குக் காட்டு செலரி இலையில் கிரீடம். ஹெராக்ளீஸ் கொன்ற சிங்கமும் இந்த ஊர்தான்.

ஜீயஸ் கோவிலில் மூன்று தூண்கள் விழாமல் அப்படியே நின்றன. மற்றவை நம் காலத்தில் தூக்கி நிறுத்தியவை. ஆனால் கோவிலோடு நின்றுவிடாதீர்கள். ஸ்டேடியம் தனியாக, சாலையில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வீரர்கள் உடை களையும் அறையிலிருந்து 36 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத்தான் மைதானத்துக்குள் நுழைவார்கள். நாமும் அதே வழியில் போகலாம். சுவரில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களின் கிறுக்கல்கள் உண்டு. ஒருவன் 'அக்ரோதாதோஸ் அழகன்' என்று செதுக்க, இன்னொருவன் பக்கத்திலேயே 'எழுதியவனுக்கு' என்று சேர்த்திருக்கிறான். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தின கிண்டல்! கிறுக்கல்கள் மங்கலானவை, அவசரமாக நடந்தால் கண்ணில் படாது.

சுரங்கத்தைத் தாண்டினால் ஓட்டம் தொடங்கும் கல் வரிசை. கால் விரல்களைப் பதிக்க வெட்டிய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. 1996 முதல் நெமேயா போட்டிகளை மீண்டும் நடத்துகிறார்கள். வெறுங்காலில், வெள்ளை அங்கியில், சாதாரண மக்களும் பெயர் கொடுத்து ஓடலாம்.

பிரபு: ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஒரே பெயர் போதும்: அயோர்கீதிகோ. 'நெமேயா' என்ற பெயர் 1971 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ளது. அந்தப் பெயரில் வரும் சிவப்பு ஒயின் முழுக்க இந்தத் திராட்சையில்தான் செய்ய வேண்டும். நல்ல நிறம், புளிப்புச் செர்ரி வாசனை, நாக்கைப் பிடிக்காத துவர்ப்பு. சிவப்பு ஒயினே பிடிக்காது என்பவர்களும் இதைக் குடித்துவிடுவார்கள்.

ஊற்றித் தருபவரிடம் 'இது எந்த உயரத்துத் தோட்டம்?' என்று கேளுங்கள். தாழ்வான சமவெளிப் பழம் நன்றாகக் கனிந்து மென்மையாக இருக்கும். மேலே அஸ்ப்ரோகாம்போஸ் மாதிரி உயரமான இடத்துப் பழத்தில் புளிப்பு தூக்கலாக இருக்கும், 'ரோஸே' என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கு அது பொருத்தம். நடுவில் கூட்சி சரிவுகள். எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு உயரத்து ஒயினையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால், நீண்ட விளக்கமே தேவைப்படாது.

ராம்: குடிக்காமல் துப்பினால் தப்பாக நினைப்பார்களா? தண்ணீர் கலக்கலாமா?

சுவைத்துவிட்டுத் துப்புவது மரியாதைக் குறைவே இல்லை. அதற்கென்றே மேஜையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தண்ணீர் கலந்தால் இன்று சிரிப்பார்கள். பழைய கிரேக்கர்களோ கலக்காமல் குடிப்பவனைத்தான் காட்டுமிராண்டி என்றார்கள்; கலப்பதற்கென்றே 'கிரேட்டர்' என்று பெரிய குடம் வைத்திருந்தார்கள்.

ஜான்சன்: நானே வண்டி ஓட்டலாமா?

கூடாது. கிரீஸில் வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் ஓட்டுநரோடு வண்டி எடுங்கள். பஸ்ஸும் உண்டு, மைசீனிக்குப் போகிறவர்கள் ஃபிக்தி என்ற ஊரில் இறங்கி மேலே போக வேண்டும். ஆனால் பஸ்ஸில் இரண்டு ஊரையும் ஒரே நாளில் முடிப்பது பெரிய பாடு.

மீனா: நாங்கள் சைவம். பட்டினிதானா?

'நிஸ்தீசிமா' என்று கேளுங்கள், இறைச்சி சேராத நோன்புச் சாப்பாடு. 'யீகாந்தெஸ்' என்ற பெரிய வெள்ளை அவரை தக்காளியில் வெந்து வரும், மொச்சைக் குழம்பு நினைவுக்கு வரும். நோன்புச் சாப்பாட்டில் இறால், கணவாய் சேர்ப்பதுண்டு. அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிரேஸ்: அம்மாவுக்குப் பவுல் நின்ற கொரிந்துவைப் பார்க்க ஆசை.

அப்படியானால் மைசீனியை விட்டுவிட்டுப் பழைய கொரிந்து போங்கள், அங்கிருந்தும் நெமேயா பக்கம்தான். ரோம ஆளுநர் கல்லியோ முன்னால் அப்போஸ்தலர் பவுலை நிறுத்திய நியாயாசனம் என்று காட்டும் மேடை அங்கே இருக்கிறது. அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்களும் ஒவ்வொன்றும் ஒரே கல்.

இளங்கோ: புறநானூறு சொல்லும் யவனர் தேறல் இந்த நெமேயா ஒயின்தானா?

நெமேயா என்று சொல்ல ஆதாரம் இல்லை. அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் ஜாடிகளில் ஏகியன் கடலின் கோஸ் தீவு ஜாடி வகை உண்டு, இத்தாலியிலிருந்து வந்ததும் உண்டு.

செல்வி: எத்தனை பாட்டில் ஊருக்குக் கொண்டுவரலாம்?

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். கோடையில் பாட்டிலை வண்டி டிக்கியில் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள், ஒயின் வெந்துபோகும். ஒயினரியைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.