தையல் பள்ளத்துல ஊசி நிக்க மாட்டேங்குது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு பிளவுஸ், சுடிதார் தைச்சுதான் பழக்கம். தங்கச்சி குழந்தைக்குன்னு மிச்சத் துணியெல்லாம் சேர்த்து ஒன்பது ஒன்பது கட்டமா இணைச்சு ஒரு குட்டி குவில்ட் (நடுவுல பஞ்சு வெச்சு மூணு அடுக்கா தைக்கிற போர்வை) போட்டேன், மேல் துணி அழகா வந்துச்சு. ரெண்டு கட்டம் சேர்ற தையல் பள்ளத்து மேலயே மிஷின்ல ஓட்டிடு, புதுசா பழகுறவங்களுக்கு அதுதான் ஈஸின்னு சொன்னாங்க. ஆனா தையல் அங்கங்க பள்ளத்தை விட்டு ஏறி துணி மேல தெரியுது, திருப்பிப் பார்த்தா பின்பக்கம் ஒரே சுருக்கம். என்கிட்ட இருக்கிறது பழைய கறுப்பு மிதி மிஷின். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்துற தனி ஃபுட்) வாங்கினா சரியாகுமா? எல்லாத்தையும் பிரிக்கணுமா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

ஈஸின்னு சொன்னவங்க பாதிதான் சொல்லியிருக்காங்க. டிசைன் வரைய வேண்டாம், கோடு போட வேண்டாம், அந்த மட்டுக்கும் ஈஸிதான். ஆனா வளைஞ்சு வளைஞ்சு ஓடுற டிசைன்ல ரெண்டு மில்லிமீட்டர் விலகினா யாருக்கும் தெரியாது, இங்க அரை மில்லிமீட்டர் விலகினாலே கண்ணுல குத்தும்.

கட்டங்களை இணைச்சதும் எப்படி இஸ்திரி போட்டீங்க? பிளவுஸ் தைச்ச கைன்னா தையலை ரெண்டு பக்கமும் விரிச்சுதான் போட்டிருப்பீங்க, அப்படி விரிச்சா அங்க பள்ளமே கிடையாது, ரெண்டு பக்கமும் ஒரே மட்டம், ஊசி நேரா பழைய தையல் நூல் மேலயே இறங்கும், அந்த நூல் அறுந்துபோகக்கூட வாய்ப்பிருக்கு. குவில்ட்டுக்கு, தையலுக்கு விட்ட கால் இஞ்ச் துணியை ஒரே பக்கமா சாய்ச்சு (பெரும்பாலும் அடர் கலர் பக்கம்) இஸ்திரி போடணும். அப்போ ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தாழ்வு. ஊசி ஓட வேண்டியது தாழ்ந்த பக்கத்துல, மேட்டை ஒட்டி. ஓட்டும்போது ரெண்டு கையாலயும் தையலை லேசா பக்கவாட்டுல விரிச்சுப் பிடிங்க, முன்னாடி இழுத்துடாதீங்க, கையை எடுத்ததும் மேடு திரும்ப வந்து தையலை மூடிக்கும். ஊசியைப் பார்க்காதீங்க, அதுக்கு முன்னாடி வர்ற பள்ளத்தைப் பாருங்க.

நாலு கட்டம் கூடுற முனையிலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, வரிசைக்கு வரிசை சாய்வை மாத்தி இஸ்திரி போட்டிருந்தா அந்த முனையில மேடு இடதுலேர்ந்து வலதுக்கு மாறிடும், நாம அதே வேகத்துல போனா அடுத்த கட்டத்துல மேட்டு மேல ஏறிருவோம். அங்க வந்ததும் மிதியை நிறுத்தி, சக்கரத்தைக் கையால சுத்தி ஒண்ணு ரெண்டு தையல் போட்டு தாழ்ந்த பக்கத்துக்குத் தாண்டிக்கோங்க. இதுக்கு உங்க மிதி மிஷின் நல்ல தோழி, ரொம்ப மெதுவா போகும், மேஜையோட மட்டமா பதிஞ்சிருக்கிறதால குவில்ட்டோட கனமும் ஊசியை இழுக்காது. புது மிஷின் வாங்கணும்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

சுருக்கம் வேற விஷயம். அடியில இருக்கிற பல்லு கீழ்த்துணியை இழுக்குது, மேல இருக்கிற ஃபுட் மேல்துணியை முன்னாடி தள்ளுது, நடுவுல பஞ்சு ஷீட் வேற, மூணும் மூணு வேகத்துல போனா சுருங்காம என்ன செய்யும்? வாக்கிங் ஃபுட் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும், அதனால கண்டிப்பா உதவும், வாங்கலாம். ஃபுட் மாட்டுற கம்பியோட உயரம் உங்க மிஷினுக்குப் பொருந்துதான்னு பார்த்துட்டு வாங்குங்க. ஆனா அடித்துணி தளர்ந்து கிடந்தா எந்த ஃபுட்டும் காப்பாத்தாது. தரையில அடித்துணியை நல்ல பக்கம் கீழ இருக்கிற மாதிரி விரிச்சு, சுத்தி டேப் ஒட்டி விறைப்பா நிறுத்தணும், ரப்பர் மாதிரி இழுக்க வேண்டாம். அது மேல பஞ்சு ஷீட், அது மேல இணைச்ச துணி. நடுவுலேர்ந்து வெளிய போற மாதிரி ஒரு கையகலத்துக்கு ஒரு ஊக்கு, அதாவது சுமார் 4 இஞ்ச். ஊக்கை தையல் கோட்டு மேல குத்தாதீங்க, கொஞ்சம் தள்ளிக் குத்துங்க, இல்லேன்னா ஓட்டும்போது நின்னு நின்னு கழட்டணும். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் ரெண்டு மூணு இஞ்ச் கூடுதலா இருக்கட்டும்.

ஓட்டுற வரிசை: மொதல்ல நடு நெடுங்கோடு, மேல் ஓரத்துலேர்ந்து கீழ் ஓரம் வரைக்கும். அப்புறம் அதுக்கு வலப்பக்கம் உள்ளது, துணியைத் திருப்பி இடப்பக்கம். அதுக்குப் பிறகுதான் குறுக்குக் கோடு. சின்னக் கட்டங்களை முதல்ல ஓட்டுனா ஊடால துணி தேங்கி நின்னுரும். தையல் நீளம் 2.5லேர்ந்து 3 மில்லிமீட்டர் வெச்சுக்கோங்க, மூணு அடுக்குக்குள்ள போறதால சின்னதா வெச்சா இன்னும் சுருங்கும். நூல் தாழ்ந்த பக்கத் துணியோட கலர்ல இருந்தா, விலகின தையலும் பாதி மறைஞ்சிரும்.

இப்போ கையில இருக்கிற குவில்ட்டுக்கு வருவோம். விரிச்ச தையல்னா பள்ளத்தைத் தேடாதீங்க, தையல்லேர்ந்து கால் இஞ்ச் தள்ளி, ஃபுட்டோட ஓரத்தை அளவா வெச்சு நேர்கோடு ஓட்டுங்க, எனக்கு அந்தத் தோற்றம் இன்னும் பிடிக்கும். மேல ஏறின தையலை எல்லாம் பிரிக்க வேண்டாம், பருத்தித் துணி, பருத்திப் பஞ்சுன்னா ஒரு தடவை துவைச்சதும் லேசா சுருங்கி சின்னக் கோணல் அடங்கிரும். பின்னாடி மடிப்பு விழுந்து தைச்ச கோடுகளை மட்டும் பிரிங்க. பின்பக்கத்துல நாலஞ்சு தையலுக்கு ஒண்ணு வெட்டிட்டு, முன்பக்க நூலை இழுத்தா மொத்தமா வந்துரும். ஊசி ஓட்டை தெரிஞ்சா தண்ணி தெளிச்சு நகத்தால தேய்ச்சு விடுங்க. அப்புறம் அந்த இடத்துல ஊக்கைக் கழட்டி, அடித்துணியை இழுத்துச் சரி பண்ணி, திரும்பக் குத்திட்டு ஓட்டுங்க.