முதலில் பொது நிர்வாகம், முனைவர் பட்டம் அப்புறம்

கேள்வி: எனக்கு 36 வயது. இளங்கலைப் பட்டதாரி. பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) ஒன்றின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மேற்படிப்பு படிக்க ஆசை. பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்கலாமா, அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையம் வழி நடத்தும் உயர்கல்வித் தலைமைத்துவ முனைவர் படிப்பில் சேரலாமா என்று குழப்பம். “காசு செலவழிச்சுப் படிக்கிறதுன்னா பேருக்கு முன்னாடி டாக்டர்னு வர்ற மாதிரி படி” என்கிறார் அப்பா. “உனக்கு எது பிடிக்குதோ அதைப் படி” என்கிறார் கணவர். தொடக்கப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள். என்ன செய்யட்டும்?
வாசகி, ஈசூன்

பதில்:

சகோதரி, பொது நிர்வாகத்தில் சேருங்கள். முனைவர் பட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

நீங்கள் உங்களைக் கல்லூரி ஊழியர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் கல்வி அமைச்சின்கீழ் இயங்கும் சட்டபூர்வ அரசு அமைப்புகள். அப்படியானால் ஒன்பது வருடமாக நீங்கள் பார்த்துவருவதே பொது நிர்வாகம்தான். முன்கூட்டியே இடம் ஒதுக்கும் சேர்க்கை நேர்காணலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஆர்வத்தையும் திறனையும் பார்த்து மாணவரைச் சேர்க்கும் முறை அது. எதிரே பதினாறு வயதுப் பையன் உட்கார்ந்திருப்பான். தான் செய்த ரோபோவின் படங்களைக் கோப்பில் போட்டு எடுத்து வந்திருப்பான், பேச்சுதான் வராது. அடுத்து வரும் பெண்ணோ எதைக் கேட்டாலும் ஒப்பித்து வைத்ததுபோல மடமடவென்று பதில் சொல்வாள். யாருக்கு இடம்? எந்த அளவுகோலில்? இடம் கிடைக்காத பிள்ளையின் அம்மா விளக்கம் கேட்டு எழுதினால் எதைக் காட்டுவீர்கள்? நியாயம், மதிப்பீடு, பொறுப்புடைமை என்று பொது நிர்வாகப் பாடப்புத்தகத்தில் தடித்தடி அத்தியாயங்களாக வருவது இந்தச் சங்கடம்தான்.

இதைவிடப் பெரிய வேலையும் காத்திருக்கிறது. 2024ல் உயர்நிலை ஒன்றில் நுழைந்த பிள்ளைகளுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவே கிடையாது. சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக 2027ல் அவர்கள் எழுதப்போவது ஒரே சான்றிதழுக்கான தேர்வு. ஒரு பாடத்தைக் கடினமான ஜி3 நிலையிலும், இன்னொன்றை அதைவிட எளிதான ஜி2 நிலையிலும் கலந்து எடுத்த பிள்ளைகள் உங்கள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பார்கள். பழைய கூட்டல் கழித்தல் அப்படியே செல்லாது. இந்த மாற்றத்தை உள்ளே இருந்து பார்க்கப்போகிறவர் நீங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கு வேறு விஷயம் தேடி அலைய வேண்டாம்.

எங்கே படிப்பது? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2004ல் தொடங்கிய லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் பொது நிர்வாக முதுகலை ஓராண்டு முழுநேரப் படிப்பு. குறைந்தது ஐந்தாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது. அங்கேயே இரண்டாண்டுப் பொதுக் கொள்கை முதுகலையும் உண்டு, ஆனால் அது வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நன்யாங் பல்கலைக்கழகத்திலும் பொது நிர்வாக முதுகலை இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு மாண்டரினில் நடத்தி, ‘மேயர்கள் வகுப்பு’ என்றே பெயர் எடுத்த படிப்பு அது. எந்த மொழியில் நடக்கிறது என்று பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்! ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தின் தலைமைத்துவப் படிப்புகள் நல்லவைதான், ஆனால் அவற்றின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

உயர்கல்வித் தலைமைத்துவம் தனித் துறையாக வளர்ந்தது அமெரிக்காவில். ஆயிரக்கணக்கான கல்லூரிகள் உள்ள நாடு, அங்கே அதற்குத் தேவை இருக்கிறது. மாநில அரசு நிதியை வெட்டினால் என்ன செய்வது, பழைய மாணவர்களிடம் நன்கொடை திரட்டுவது எப்படி, கல்விக் கடன், கல்லூரி விளையாட்டு என்று பாடம் போகும். நம் ஊர்க் கதை வேறு. தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் 2006ல் தன்னாட்சி பெற்றன. நிறுவனமாகப் பதிவாகி, தங்களுக்கென நிர்வாகக் குழு வைத்துக்கொண்டாலும், நிதியின் பெரும்பங்குக்காக அமைச்சோடு ஒப்பந்தம் போட்டு, செய்த வேலைக்குக் கணக்குச் சொல்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் இரு பக்கத்தையும் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு. அதைப் பொது நிர்வாக வகுப்பில்தான் கற்க முடியும் என்பது என் கணிப்பு.

முனைவர் பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை பார்த்துக்கொண்டே, சொந்தப் பணியிடச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து எழுதும் கல்வி முனைவர் பட்டம் மரியாதைக்குரியது. ஆனால் தரமான இடங்கள் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். உங்களிடம் அது இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். இன்னொன்று: வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் மத்திய அமைப்பு சிங்கப்பூரில் இல்லை. ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்வது முதலாளிதான். அதனால் உங்கள் மனிதவளப் பிரிவிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சொல்ல ஒரு பெயர் தருகிறேன். நம் அதிபர் தர்மன் சண்முகரத்னம் ஹார்வர்டில் படித்தது பொது நிர்வாக முதுகலை. அதற்கு முன்பே சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் வேலை பார்த்தவர். அப்பா பிறகு டாக்டர் பேச்சை எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பணம்தான் உண்மையான தலைவலி. பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு 2024 மே மாதம் தந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 4,000 வெள்ளி 40 வயது ஆனவர்களுக்கு, உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மசேநிதி (மத்திய சேம நிதி) கல்விக் கடன் பட்டயம், இளங்கலைப் படிப்புகளுக்கானது, அதையும் நம்ப வேண்டாம். முழுநேரம் என்றால் ஓராண்டுச் சம்பளமும் போகும், அதைக் கட்டணத்தோடு சேர்த்தே கூட்டுங்கள். கணவரிடம் “எது பிடிக்கும்” என்ற பேச்சை விட்டுவிட்டு, அந்த ஓராண்டு வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று பேசுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே மேலாளரிடம் போய், கல்லூரி உபகாரச் சம்பளம் தருமா, சம்பளமில்லா விடுப்பாவது கிடைக்குமா, தந்தால் பதிலுக்கு எத்தனை ஆண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் கல்லூரி முதல்வரிடம் வாங்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சேர்க்கைக் காலத்தில் உங்களோடு இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து விண்ணப்பம் பார்த்த துறைத் தலைவர் எழுதட்டும்.