ஆடிக் கூட்டமும் அத்தையின் மழையும்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். எங்கள் தெருவில் ஆடிப் பண்டிகைக்குக் கூட்டம் போட்டோம். இந்த வருஷம் வண்டி வேடிக்கைக்கு (சாமி வேஷம் கட்டி வண்டியில் வரும் ஊர்வலம்) வண்டி கட்ட வேண்டாம், ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம், தலைக்கட்டு வரியை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எல்லாக் கையும் மேலே போனதும் என் கையும் போய்விட்டது. கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றால், நாலு பேர் என்னிடம் வந்து, "தறி ஓடாத நேரத்துல வரிய ஏத்துறாங்களே" என்று புலம்புகிறார்கள். நான் மட்டும் எழுந்து பேசியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த டீக்கடைதான். எதிர்த்துப் பேசக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை, டீக்கடையில் உங்களோடு சேர்த்து ஐந்து பேர்.

ஏற்காட்டில் எங்கள் பெரியப்பாவுக்கும் பங்காளிகளுக்கும் பொதுவாகக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. சில வருஷத்துக்கு முன்பு ஒரு மர வியாபாரி வந்து சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக விலை பேசினார். நல்ல விலை. திண்ணையில் ஏழு ஆண்கள் உட்கார்ந்தோம், அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. நானும் சரி என்றேன். முதலில் சொன்னவனே நான்தான் என்று நினைக்கிறேன்.

காப்பி கொண்டுவந்த அத்தை தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "ஏண்ணா, மரத்தயெல்லாம் வெட்டிப்போட்டா மழ எங்கிருந்து வரும்?" எல்லோரும் சிரித்துவிட்டோம். எங்கள் ஒரு தோட்டத்து மரத்தை நம்பியா சேர்வராயன் மலையில் மழை பெய்கிறது? பெரியப்பா, "நீ போம்மா" என்றார். அத்தை போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மனசு ஒப்பல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மழ கிடக்கட்டும். மிளகுக்கொடி எதுல ஏறும்? நெழல் போனா காப்பி இலை கருகிடாதா?" தோட்டத்தைத் தினமும் சுற்றி வருகிறவர் அவர் ஒருவர்தான். இது அவருக்கு முதலிலேயே தெரியும். அத்தை பேசும்வரை சொல்லவில்லை. கடைசியில் ஓரத்து மரங்களை மட்டும் கொடுத்தோம். ஒரு மரமும் போகக் கூடாது என்று சொன்ன அத்தைக்கு அதிலும் வருத்தம்தான்.

அத்தை சொன்ன காரணம் தப்பு. ஆனாலும் வேலை செய்தது. இது எங்கள் திண்ணையில் மட்டும் நடந்த அதிசயமில்லை. அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள்; முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். பேசிவைத்துக்கொண்டு தப்பையே சொல்வார்கள். மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் தப்போடு ஒத்துப்போயின. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லும்படி வைத்தபோது, அந்தத் தவறுகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கின.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்த ஒருவரைக் கூட்டத்தைவிட மோசமான தப்பைச் சொல்ல வைத்தும் பார்த்தார். அப்போதும் தவறுகள் வெறும் 9 சதவீதம். மாறிச் சொல்ல ஒரு வாய் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணை நம்பத் தொடங்கிவிடுகிறார். எங்கள் சித்தப்பா போல. அந்தத் துணை பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்தபோது, தவறுகள் மறுபடி ஏறிக்கொண்டன. அத்தை தூணை விடாமல் நின்றதை அப்போது பிடிவாதம் என்று நினைத்தேன்.

எல்லாம் அரை மணி நேரத்தில் மாறிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஊரில் வக்கீலாக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் காங்கிரஸ் ஒத்துக்கொண்டு பேச வேண்டும் என்று 1942இல் அலகாபாத்தில் சொன்னார். 120க்கு 15 என்ற கணக்கில் தோற்றார். கட்சியை விட்டே வெளியேறினார். 1944 செப்டம்பரில் காந்தி ஜின்னாவைச் சந்திக்கப் போனபோது, பேச்சுக்கு அடிப்படையாக எடுத்துப்போனது ராஜாஜியின் திட்டத்தைத்தான். பேச்சு முறிந்தது வேறு கதை. அவர் சொன்னது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடலாம்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். பண்டிகைக்கு முன்னால் இன்னொரு கூட்டம் இருக்கும், வரி வசூலுக்காவது. ஆர்கெஸ்ட்ரா வேண்டாம் என்று ஆரம்பிக்காதீர்கள். இளவட்டங்கள் எதிரே நிற்பார்கள். கை தூக்கச் சொல்வதற்கு முன்பே, "தலைக்கட்டுக்கு எவ்வளவு விழும், தறி நின்னுபோன வீட்டுக்கும் அதேதானா?" என்று மட்டும் கேளுங்கள். டீக்கடையில் புலம்பிய நாலு பேரில் ஒருவரை முந்தின நாளே பிடித்து, பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் தெருக்காரனாக இருந்திருந்தால் ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.