உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் மனு போட்டு 50 நாள் ஆகியும் பதில் இல்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

கேட்டவர் மதுரைப் பக்கம் ஒரு உள்ளாட்சியில் குடியிருப்பவர். தெருவில் போட்ட பேவர் பிளாக் சாலைக்கு எவ்வளவு செலவு, ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது, ஒப்பந்ததாரர் மீது என்ன நடவடிக்கை, ஐந்து வருடத்தில் வார்டில் நடந்த மொத்த வேலைகள் என்ன என்று ஒரே மனுவில் கேட்டிருக்கிறார். மனு அங்கே போய்ச் சேர்ந்து 50 நாள் ஆகிறது.

பொறுக்காதீர்கள். பிரிவு 7(1) சொல்லும் 30 நாளோடு அவர்கள் கெடு முடிந்தது. அதன்பின் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் கெடு. பதில் வராவிட்டால் சட்டப்படி மறுத்ததாகவே அர்த்தம் (பிரிவு 7(2)). அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது பத்து நாள். ஒரு தேதியை வைத்துப் பாருங்கள்: மனு மார்ச் 3 அன்று கிடைத்திருந்தால் ஏப்ரல் 2 வரை அவர்களுக்கு, மே 2 வரை உங்களுக்கு. தவறினால் தகுந்த காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் "சார் அடுத்த வாரம் தர்றோம்னு சொன்னார்" என்பதைக் காரணமாக எழுதிப் பார்த்தால் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது, ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். ஒரு பக்கம் போதும். மேலே "பிரிவு 19(1)-ன் கீழ் முதல் மேல்முறையீடு" என்று போட்டு, பெறுநராக "மேல்முறையீட்டு அலுவலர்" என்று பதவியை மட்டும் எழுதுங்கள். அதிகாரி மாறுதலில் போனால் பெயர் போட்ட கடிதம் அவர் பின்னாலேயே சுற்றும். மனு அனுப்பிய தேதி, அவர்களுக்குக் கிடைத்த தேதி, 30 நாள் முடிந்த தேதி மூன்றையும் எழுதுங்கள். கோரிக்கை இரண்டு வரி: "கோரிய தகவல்களை உடனடியாக வழங்க உத்தரவிட வேண்டும். காலக்கெடு கடந்துவிட்டதால் பிரிவு 7(6)-ன்படி கட்டணமின்றி வழங்க வேண்டும்." இந்த இரண்டாவது வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கெடு தாண்டிய தகவலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

இத்தோடு மனுவின் நகலையும் அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் இணையுங்கள். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தபாலில் அனுப்பினால் கவுன்டரில் டெலிவரி ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீது எண்ணை வைத்து ஆன்லைனில் வரும் டெலிவரி விவரத்தை அன்றைக்கே அச்செடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றும் வேண்டும். தேதி இல்லாத முத்திரை எதற்கும் உதவாது.

இனி, தாமதம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். வேண்டுமென்றே இழுப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனுவே பாதி வேலையை அவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. சாலைச் செலவு பொறியியல் பிரிவில் இருக்கும், பில் கணக்குப் பிரிவில் இருக்கும், ஐந்து வருடப் பட்டியல் யாரிடமும் பட்டியலாக இருக்காது. மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பு அனுப்பி, கடைசிப் பிரிவு பதில் தரும்வரை மொத்தத்தையும் நிறுத்தி வைப்பார். "ஏன் பெயர்ந்தது" என்பதற்குப் பதிலே வராது. ஆவணத்தில் இருப்பதைத் தந்தால் போதும், புதிதாகக் காரணமோ கருத்தோ தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அதனால் மேல்முறையீடு ஒரு பக்கம் போகட்டும். புதிதாகச் சின்ன மனு ஒன்று போடுங்கள். ஒரே வேலையைப் பற்றி மட்டும். அந்த வேலையின் எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக்கில் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) அந்த வேலைக்கான பக்கங்கள், இறுதி பில், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் என்று கேளுங்கள். உயிர்நாடி எம்-புக்தான். எத்தனை மீட்டர் நீளம், அகலம், கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்டிருப்பார். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் நீங்களே சரிபார்க்கலாம். குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் எதுவரை என்பதையும் ஒப்பந்தத்திலிருந்து கேளுங்கள். அந்தக் காலம் முடிவதற்குள் சாலை பெயர்ந்திருந்தால் செலவு அவருடையது. வேலையின் சரியான பெயர் தெரியாவிட்டால் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் தேடுங்கள். அதற்கு ஆர்டிஐ தேவையில்லை.

"கோப்பு தணிக்கையில் இருக்கிறது" என்று பதில் வரலாம். பிரிவு 8-ல் உள்ள விலக்குகளில் தணிக்கை கிடையாது. நகல் எடுக்கக் கோப்பு பெரியது என்றால், நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். ஆனால் பயனாளிகள், ஊழியர்களின் சொந்த விவரங்களைக் கேட்பதைத் தவிருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

அதே புது மனுவில் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: "எனது இன்ன தேதியிட்ட மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்." தங்கள் பெயர் காகிதத்தில் வரப்போகிறது என்று தெரிந்தாலே பழைய மனு நகரத் தொடங்குவது உண்டு.

மாநில அரசு, உள்ளாட்சி மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மதுரையில் மாவட்ட நீதிமன்றப் பக்கம் முத்திரைத்தாள் விற்பவர்களிடம் விசாரியுங்கள். மனுவை எந்தச் சங்கத்தின் லெட்டர்பேடிலும் எழுதாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு என்பதால், சங்கம் என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாநகராட்சி என்றால் இன்னொரு சுற்று இருக்கிறது. மதுரை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் கொடுத்தால் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினோம் என்பார்கள். வேறு துறைக்குச் சேர வேண்டிய மனுவை 5 நாளுக்குள் மாற்றி அனுப்பத்தான் பிரிவு 6(3). ஒரே மாநகராட்சிக்குள் மேசை மாறியதற்காக உங்கள் 30 நாள் புதிதாகத் தொடங்காது.

புது மனுவுக்கு 29-ம் நாள் வாக்கில் "இத்தனை பக்கம், இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும்வரை கெடு நின்றுவிடும். எப்போது புறப்பட்டது என்பதற்கு உறையில் உள்ள தபால் முத்திரைதான் சாட்சி. கடிதத்தின் தலையில் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள்.

மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள்; காரணத்தை எழுதி வைத்தால் 45 வரை போகலாம். அங்கேயும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு பிரிவு 19(3)-ன் கீழ் இரண்டாம் மேல்முறையீடு. இங்கே பலர் செய்யும் தப்பு, கோபத்தில் பிரிவு 18-ன் கீழ் புகார் மட்டும் அனுப்புவது. புகாரில் அபராதம் விதிக்கலாம், தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தகவலும் வேண்டும் என்றால் 19(3)-ல் போய், அதே மனுவில் பிரிவு 20(1)-ன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதமும் கேளுங்கள். உச்சவரம்பு 25,000 ரூபாய். நூறு நாளில் அது நிரம்பிவிடும். அபராதம் பொதுத் தகவல் அலுவலருக்குத்தான், மேல்முறையீட்டு அலுவலருக்கு இல்லை. தாமதம் நியாயமானது என்று நிரூபிக்க வேண்டியதும் பொதுத் தகவல் அலுவலர்தான். நீங்கள் காட்ட வேண்டியது தேதிகளை மட்டுமே. ஆணையத்தில் விசாரணைக்கு எடுக்க நெடுநாள் ஆகலாம், அதுவரை அந்த உறையையும் ஒப்புகையையும் தொலைத்துவிடாதீர்கள்.