டெப்ட் மேனேஜ்மென்ட் பிளான்: காசு கொடுத்து எடுப்பதா, இலவசமாக எடுப்பதா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பேங்க் லோன், ஒரு கட்டலொக் கணக்கு (பட்டியலில் பார்த்துக் கடனுக்குச் சாமான் வாங்குவது). குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மாதம் ஒரே தொகையாகக் கட்டும் டெப்ட் மேனேஜ்மென்ட் பிளான் எடுக்கச் சொல்கிறார்கள். அதை இலவசமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மாதாமாதம் கட்டணம் எடுக்கும் கம்பனிகளும் இருக்கின்றன. காசு கொடுத்தால் வேலை திறமாக நடக்குமா?

பதில்:

நடக்காது. இலவசமாகச் செய்பவர்களிடமே போங்கள். ஆனால் இப்படிச் சொன்னால் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு நேரே காசு வாங்கும் கம்பனிக்குத்தான் போவார்கள். சும்மா செய்து தருகிறவன் ஏனோதானோ என்றுதான் செய்வான் என்ற எண்ணம் லேசில் போகாது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சும்மா செய்பவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? இலவசமாகப் பிளான் போட்டுத் தருபவர்களில் ஸ்டெப்சேஞ்ச் ஒரு தொண்டு நிறுவனம். பேபிளான் தனியார் கம்பனி, ஆனால் பிளானுக்கு உங்களிடம் காசு வாங்குவதில்லை. இரண்டுக்கும் முக்கிய வரும்படி உங்களுக்குக் கடன் தந்த பேங்குகளிடமிருந்தும் கார்டு கம்பனிகளிடமிருந்தும்தான் வருகிறது. பிளான் மூலம் தங்களுக்கு வந்து சேரும் காசில் ஒரு பங்கை அவர்கள் இந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பங்கு உங்கள் தலையில் விழாது. 100 பவுண்ட் கட்டினால் கடனில் 100 பவுண்டும் கழியும். பேங்குக்கும் நட்டமில்லை, ஆள் வைத்து போன் அடித்து, கடிதம் போட்டு, கோர்ட்டுக்குப் போய் வாங்குவதைவிட மாதாமாதம் கொஞ்சமாவது ஒழுங்காக வருவது அவர்களுக்கு மலிவு.

அப்படியென்றால் இவர்கள் பேங்கின் ஆட்கள்தானே என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் இவர்களும் நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏயின் அனுமதியோடு நடப்பவர்கள், உங்கள் நன்மையைப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டியவர்கள். பேங்குக்குச் சல்லிக்காசும் போகாத வழி உங்களுக்குப் பொருந்தினால் அதையும் சொல்வார்கள். அதிலும் நம்பிக்கை இல்லையா? முதலில் நேஷனல் டெப்ட்லைன் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸில் கேளுங்கள். எது பொருந்தும் என்று ஆலோசனை சொல்வதுதான் அவர்கள் வேலை, நீங்கள் பிளான் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

இனிக் கட்டணக் கணக்கு. 10,800 பவுண்ட் கடன், மாதம் 180 பவுண்ட் கட்ட முடியும், வட்டியை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். இலவசப் பிளானில் 60 மாதத்தில் முடியும். ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 36 பவுண்டை, கம்பனி எடுத்தால் கடனுக்குப் போவது 144. அதே கடன் முடிய 75 மாதம் ஆகும். கூடுதலாக ஒன்றேகால் வருடம், கம்பனிக்குப் போனது 2,700 பவுண்ட். தொடக்கக் கட்டணம் என்று தனியாக எடுத்தால் அது வேறு.

என் சித்தி இப்படி ஒரு கம்பனியில் இருந்தார். அவருக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்து விளக்கம் சொல்வது என் பொறுப்பு. வருடாந்தக் கணக்கு ஒன்று வந்தது. இடப்பக்கம் அவர் கட்டியது, நடுவில் கம்பனியின் கட்டணம், வலப்பக்கம் ஒவ்வொரு கடன்காரருக்கும், அதாவது கடன் தந்தவருக்கும், போனது. கடனின் அளவுக்கேற்பப் பிரிப்பதால் கட்டலொக் கடனுக்கு மாதம் நாலு பவுண்டும் சில்லறையும்தான் போயிருந்தது. "கம்பனிக்காரன் கட்டலொக்காரனைவிடக் கூட எடுக்கிறானே, அவனிடம் நான் என்ன சாமான் வாங்கினேன்?" என்று கேட்டார். பழைய கடிதக் கட்டைப் புரட்டினால், முதல் கடிதத்திலேயே "இலவச உதவியும் கிடைக்கும்" என்ற வரி இருந்தது. கட்டணம் வாங்கும் கம்பனி முதல் தொடர்பிலேயே அதைச் சொல்ல வேண்டும் என்பது எஃப்சிஏ விதி. சொல்லியிருந்தார்கள். வீட்டில் யாரும் வாசிக்கவில்லை.

இன்னொரு விதியும் தெரிந்திருக்கட்டும். முதல் மாதத்திலிருந்தே கணிசமான பங்கு கடன்காரருக்குப் போக வேண்டும். பாதிக்கும் குறைவாகப் போனால் அது விதிமீறலாகப் பார்க்கப்படும். வேறு விதமாகச் சொன்னால், பாதி வரை எடுக்கக்கூட இடம் இருக்கிறது.

சரி, அந்தக் காசுக்கு அவர்கள் கூடுதலாக என்ன செய்கிறார்கள்? "நாங்கள் பேசி வட்டியை நிறுத்தித் தருவோம்" என்பார்கள். டெப்ட் மேனேஜ்மென்ட் பிளான் என்பது சட்டக் கட்டுப்பாடு இல்லாத ஒரு சம்மதம். வட்டியை நிறுத்துவதும் நிறுத்தாததும் கடன் கொடுத்தவர் இஷ்டம். பெரும்பாலும் நிறுத்துகிறார்கள், ஆனால் யார் பேசினார்கள் என்பதற்காக அல்ல. உங்கள் வரவு செலவுப் பட்டியலைப் பார்த்து, இவ்வளவுதான் இவரால் முடியும் என்று தெரிந்த பிறகு நிறுத்துகிறார்கள். அந்தப் பட்டியலை நீங்களே நிரப்பி, நேஷனல் டெப்ட்லைனில் இருக்கும் மாதிரிக் கடிதத்தோடு அனுப்பினாலும் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். கடன்காரர் ஒருவர் இருவர்தான் என்றால் இடையில் ஆளே தேவையில்லை.

என்னைக் கேட்டால் கட்டணத்தைவிடப் பெரிய நட்டம் வேறு. மாதக் கட்டணத்தில் பிழைக்கும் கம்பனிக்கு நீங்கள் மாதம் கட்டிக்கொண்டே இருந்தால்தான் வரும்படி. உங்களுக்குப் பிளானே தேவையில்லாமல் இருக்கலாம், அதை வாய் திறந்து சொல்ல அவர்களுக்கு என்ன அவசரம்? டெப்ட் ரிலீஃப் ஆர்டர் என்று ஒன்று இருக்கிறது. செலவு போக மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சாதவர், சொந்த வீடு இல்லாதவர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50,000 பவுண்ட் வரையான கடனுக்கு இதைக் கேட்கலாம். 12 மாதம் அந்தக் கடன்காரர் யாரும் உங்களைத் தொடரக்கூடாது, அதன் பின் அநேகமாகக் கடன் முழுவதும் அழிந்துவிடும். 2024 ஏப்ரல் 6 முதல் இதற்கு விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது நகை. சொத்து 2,000 பவுண்டைத் தாண்டக்கூடாது (கார் இருந்தால் அதற்குத் தனியாக 4,000 வரை), தாலிக்கொடியும் காப்பும் அந்தக் கணக்கில் வரும். மறைக்காமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

இப்போதே கடன்காரர் தொல்லை தாங்கவில்லை என்றால் பிரீதிங் ஸ்பேஸ் கேளுங்கள். 2021 மே மாதம் தொடங்கிய திட்டம், 60 நாளைக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். அனுமதி பெற்ற ஆலோசகர் மூலம்தான் எடுக்க முடியும், இலவச நிறுவனங்களே எடுத்துத் தருவார்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு: அங்கே டெப்ட் அரேஞ்ச்மென்ட் ஸ்கீம் என்று சட்டப்படியான திட்டமே உண்டு, வட்டி தானாக நிற்கும். அங்கே இருந்துகொண்டு சாதாரணப் பிளானுக்குக் காசு கட்டுவது வீண் வேலை.

எங்கே போனாலும் அந்த வரவு செலவுப் பட்டியலில்தான் பிளான் நிற்பதும் விழுவதும். வாடகை அல்லது மார்ட்கேஜ், கவுன்சில் டாக்ஸ், காஸ், கரண்ட் முதலில். இவற்றின் நிலுவை பெரும்பாலும் பிளானுக்குள் வராது, தனியாகத் தீர்க்க வேண்டும். கார்டு கம்பனி கத்தும், கவுன்சில் வீட்டுக்கே வந்து வசூலிக்கும் பெய்லிஃபை அனுப்பும். சத்தமாகக் கத்துகிறவனுக்கு முதலில் கட்டுவது நம் பழக்கம், அதை விடுங்கள்.

பிறகு சீட்டு. ஆலோசகர் பெரும்பாலும் இதைக் கேட்கமாட்டார், ஏனென்றால் அவர் படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நீங்கள் ஏற்கனவே எடுத்து முடித்த சீட்டுக்கு இன்னும் மாதம் 200 பவுண்ட் கட்ட வேண்டியிருந்தால் அதுவும் கடன்தான். அதைச் சொல்லாமல் பிளான் போட்டால், காகிதத்தில் 180 மிஞ்சும், கையில் ஒன்றும் மிஞ்சாது. சில மாதத்தில் பிளான் முறியும். சொன்னால் சிக்கல் இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது: பேங்குக்குக் குறைத்துவிட்டுச் சீட்டு அக்காவுக்கு முழுதாகக் கட்டுவதைக் கடன்காரர்கள் கேள்வி கேட்கலாம். என்றாலும் ஆலோசகர் முன்கூட்டியே தெரிந்து வழி பார்ப்பதுதான் நல்லது. ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் காசும் இதே மாதிரிதான். மூடி மறைத்தால் "சாப்பாட்டுச் செலவு" என்ற பெயரில் வந்து நிற்கும், பிறகு உண்மையான சாப்பாட்டுக்கு இடம் இருக்காது.

பிளான் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. சம்பளம் விழும் பேங்கிலேயே கார்டோ ஓவர்டிராஃப்ட்டோ இருந்தால், வேறு பேங்கில் ஒரு சாதாரணக் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் நிலுவைக்காக உங்கள் கணக்கிலிருந்து பேங்க் தானே எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கிரெடிட் ரெக்கார்ட் கெடும், இலவசம் என்றாலும் கட்டணம் என்றாலும் ஒரே மாதிரித்தான் கெடும். டிஃபால்ட், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டவில்லை என்ற பதிவு, விழுந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு வருடம் நிற்கும். எங்களிடம் வந்தால் கெடாது என்று எந்தக் கம்பனியாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

கூகுளில் தேடும்போதும் கவனம் தேவை. "அரசுத் திட்டம், கடனில் பெரும்பகுதி தள்ளுபடி" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஐவிஏ என்னும் வேறு ஏற்பாட்டுக்கு ஆள் பிடிப்பவை. ஐவிஏ சட்டப்படி கட்டுப்படுத்துவது, அதை நடத்துபவரின் கட்டணம் நீங்கள் கட்டும் காசிலிருந்தே போகும், இடையில் முறிந்தால் திண்டாட்டம். ஆலோசனை என்ற பெயரில் ஆளை அனுப்பிக் கமிஷன் வாங்கும் வியாபாரத்தை எஃப்சிஏ 2023 அக்டோபரில் தடை செய்தது. அப்படியும் இலவச நிறுவனங்களின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு விளம்பரம் போடுகிறார்கள். எஃப்சிஏ பதிவேட்டில் பெயரைப் பார்த்து, அங்கே இருக்கும் போன் நம்பரிலேயே கூப்பிடுங்கள். அரசு ஆதரவில் இலவசமாக நடக்கும் மணிஹெல்பர் தளம் வழியாகப் போவது இன்னும் சுலபம்.

நம்மவர்களிலும் சிலர் கடையின் பின் அறையில் இருந்து "நான் பேங்கோடு கதைத்துத் தருகிறேன்" என்று காசு வாங்குகிறார்கள். கடன்காரரோடு பேசித் தருவதை எஃப்சிஏ அனுமதியில்லாமல் தொழிலாகச் செய்வது குற்றம். ஆங்கிலம்தான் தடை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அல்லது உங்கள் சம்மதத்தோடு பிள்ளையோ உறவோ லைனில் சேர்ந்து பேசலாம்.

கட்டணக் கம்பனி ஒருவருக்கும் உதவாதா? வீட்டுக்கே வந்து, கடிதக் கட்டை வாங்கி, எல்லாம் பார்த்துச் செய்கிறவர் இருந்தால் சிலருக்கு அது நிம்மதி. அந்த நிம்மதிக்கு 2,700 பவுண்ட் கொடுக்க முடிகிறவர் கடனில் கட்டலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஏற்கனவே அப்படி ஒன்றில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், வெளியே வரலாம். முதலில் இலவச நிறுவனத்தில் புதுப் பிளானைத் தயார் செய்யுங்கள், இடையில் மாதம் விடுபடக் கூடாது. பிறகு பழைய கம்பனிக்கு நிறுத்தச் சொல்லி எழுத்தில் அனுப்பி, அவர்கள் கையில் இருக்கும் உங்கள் காசு எவ்வளவு, எந்தக் கடனுக்கு இதுவரை எவ்வளவு போனது என்ற கணக்கைக் கேளுங்கள். பேங்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் ஸ்டாண்டிங் ஆர்டரையும் நிறுத்துங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சித்தி மாறியபோது கம்பனி கணக்கில் ஒரு மாதக் காசு கடன்காரருக்குப் போகாமல் கிடந்தது, கேட்ட பிறகுதான் திரும்பி வந்தது. கட்டணத்தைப் பற்றி முன்பே தெளிவாகச் சொல்லவில்லை என்றால் கம்பனிக்கே முதலில் முறைப்பாடு எழுதுங்கள். எட்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் நிதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். அங்கேயும் உங்களிடம் காசு வாங்கமாட்டார்கள். அந்த முறைப்பாட்டை எழுதித் தரக் காசு கேட்கிறவர்களும் போன் அடிப்பார்கள், அவர்களும் வேண்டாம்.