வைட்டமின் டி 43: கவலைப்பட வேண்டுமா?

பினாங்கு, பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் 38 வயது வாசகி கேட்கிறார்: "கம்பெனி செக்கப்பில் வைட்டமின் டி 43 என்று வந்து, பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை செய்பவர்கள் பலருக்கும் இப்படித்தான். இந்தியாவிலிருந்து அக்கா வாங்கி வந்த 60,000 யூனிட் மாத்திரையைப் போடலாமா?"

அந்த மாத்திரையைப் போடாதீர்கள், சகோதரி. டாக்டர் பார்த்து, இன்னாருக்கு என்று எழுதித் தரும் மருந்து அது.

உங்கள் 43 லிட்டருக்கு நானோமோல் கணக்கு. இந்திய லேப்களில் நானோகிராம் கணக்கில் கொடுப்பார்கள். அதில் இது ஏறக்குறைய 17. இந்திய ரிப்போர்ட்டில் வரும் எண்ணோடு இதை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

நானோமோல் கணக்கில் 50க்குக் கீழே போனாலே பல லேப்கள் 'குறைவு' என்று அச்சடிக்கின்றன. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 50 என்பது 97.5 விழுக்காட்டினரின் தேவையை நிறைவு செய்யும் அளவு. மக்களில் பாதிப் பேருக்கு 40 இருந்தாலே போதும். எலும்புக்கு ஆபத்து 30க்குக் கீழே இறங்கும்போதுதான் கூடுகிறது. 50க்குக் குறைந்த எல்லாரையும் குறைபாடு உள்ளவர்கள் என்று எண்ணினால், நலமாக இருக்கும் பெரும் கூட்டமே நோயாளிகள் ஆகிவிடும். உங்கள் சக ஊழியர்கள் பலருக்கும் 'குறைவு' என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக, எல்லாம் லேப் காட்டும் பூச்சாண்டி என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு வெயில் அடிக்கும் பினாங்கிலும் நம் அளவு உண்மையாகவே இறங்குகிறது. நம் தோலின் கருமை புறஊதாக் கதிரைத் தடுப்பதால், இந்தச் சத்து மெதுவாகத்தான் உருவாகும். அதோடு, விடியும் முன்பே பஸ் ஏறி, நாள் முழுதும் ஏர்கோன் அறையில் இருந்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பினால் வெயில் எங்கே படும்? கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. மலேசிய ஆய்வுகளிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கும், சீனர்களைவிட இந்தியர், மலாய்க்காரர்களுக்கும் அளவு குறைவாகவே வந்திருக்கிறது.

காலை இளவெயில் நல்லது என்று நம்புகிறோம். அந்த நேரத்தில் தேவையான கதிர் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல், வாரத்தில் சில நாள், கை கால்களில் கால் மணி நேரம் வெயில் படட்டும். தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), மத்தி, முட்டை மஞ்சள் கரு சாப்பிடுங்கள். வெயிலுக்கு வழியே இல்லை என்றால் தினமும் 600 யூனிட் மாத்திரை போதும். மலேசியப் பரிந்துரையும் பெரியவர்களுக்கு அதுதான். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது; அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

நலமாக இருப்பவர் கூடுதலாகப் போட்டால் எலும்பு இன்னும் உறுதியாகுமா? அமெரிக்காவில் ஏறக்குறைய 26,000 பேருக்கு நடந்த 'வைட்டல்' என்ற ஆய்வில், தினமும் 2,000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. 2022இல் வந்த முடிவு இது.

தரையில் உட்கார்ந்து எழும்பச் சிரமம், தீராத எலும்பு வலி, சிறுநீரக நோய், வலிப்பு மருந்து, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த செக்கப்பில் இந்த டெஸ்ட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.