பழைய ஸ்கான் இருக்க, புது ஸ்கான் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. வலது காதில் இரைச்சல், கேட்பதும் குறைவு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் காது நரம்பில் 18 மில்லிமீற்றர் கட்டி. தலையைத் திறக்காமல் கதிர் பாய்ச்சும் காமா நைஃப் சிகிச்சை செய்யலாம் என்று பெங்களூரில் நாள் தந்திருக்கிறார்கள். அங்கே திரும்பவும் எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் எடுக்க வேண்டுமாம். கையில் ஸ்கான் இருக்க ஏன் இந்தச் செலவு? அம்மாவுக்குச் சீனி, பிரசர் ஒன்றும் இல்லை. 1990இல் தோளில் காயப்பட்டது மட்டும்தான்.
- வாசகி, ஆரையம்பதி

பதில்: வீண் செலவு இல்லை, மகள். மட்டக்களப்பில் எக்ஸ்ரே, ஸ்கான் அறைகளிலேயே 31 வருஷம் வேலை செய்தவன் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது என்ன வருத்தம் என்று தேடிய ஸ்கான். சாதாரண மூளை ஸ்கானில் ஒரு படம் 5 மில்லிமீற்றர் தடிப்பு. அம்மாவின் கட்டி மூன்று நான்கு படங்களில்தான் விழும். சிகிச்சைக்குத் திட்டம் போடும் ஸ்கானில் தடிப்பு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். அதே கட்டி 18 படங்களில் வரும். கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அப்போதுதான் கோடு போடலாம். முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியை ஒட்டியே போகிறது, மூளைத்தண்டும் பக்கத்தில்தான். புதிய மெஷினில் 192 கோபால்ட் கதிர்கள் வந்து ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி தவறக் கூடாது.

2017இல் என் மச்சாளை இதே சிகிச்சைக்குக் கூட்டிப் போனேன். விறைப்பூசி போட்டு, நான்கு திருகாணியால் தலையில் ஒரு சட்டத்தை இறுக்கினார்கள். ஊசி குத்தும்போது என் கையை இறுகப் பிடித்தார். பிறகு பாரம் மட்டும்தான் என்றார். சட்டத்தின் மேல் ஒரு பெட்டி பூட்டினார்கள். அதன் சுவருக்குள் மயில்துத்தக் கரைசல் நிரம்பிய மெல்லிய குழாய்கள், ஆங்கில ‘என்’ எழுத்து வடிவில். அதனால் ஒவ்வொரு படத்திலும் தலையின் இரு பக்கமும் மும்மூன்று வெள்ளைப் புள்ளிகள் விழும். நடுப்புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் படம் தலையில் எந்த உயரம் என்று கணினி கணக்குப் பிடிக்கும். உங்கள் பழைய ஸ்கானில் அந்தப் புள்ளிகள் இல்லை, மகள். (சில இடங்களில் சட்டத்துக்குப் பதில் முகமூடி போடுகிறார்கள்.)

சி.டி. எதற்கு? எம்.ஆர்.ஐ. கட்டியைத் தெளிவாகக் காட்டும், ஆனால் காந்தம் படத்தைக் கொஞ்சம் வளைத்துவிடும். சி.டி.யில் அளவு பிசகாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பார்கள்.

பழைய ஸ்கான் படங்கள் உள்ள தட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள், ரிப்போட் கடதாசி மட்டும் போதாது. கட்டி வளர்ந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையையும் இங்கேயே செய்துவிடுங்கள், ஸ்கானுக்கு மருந்து ஏற்ற முன் கேட்பார்கள்.

சரி, கடைசியாக எழுதிய அந்தத் தோள் காயம். நம் பக்கத்தில் உடம்புக்குள் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். பழகிப்போய் அவர்களே அதை மறந்துவிடுவார்கள். காந்த அறைக்குள் இரும்புத் துண்டு நகரலாம், சுடலாம். முதல் ஸ்கான் பிரச்சினையில்லாமல் முடிந்தது என்று பேசாமல் விடாதீர்கள். அங்குள்ள மெஷின் இன்னும் பலமான காந்தமாக இருக்கலாம். போக முன் அம்மாவின் தோளை ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தையும் பையில் வையுங்கள். அறை வாசலில் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.